"பழகிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்: காதிரைச்சலுக்கு உண்மையில் என்ன செய்யலாம்?

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகி, 2024 மார்ச் 9

எனக்கு 46 வயது. நாலைந்து மாதமாக இரண்டு காதிலும் "கீ" என்று ஒரு சத்தம். பகலில் வேலையோடு வேலையாகப் போய்விடும். இரவில் பிள்ளைகள் படுத்து வீடு அடங்கினால் தாங்க முடியவில்லை. ஒரு டொக்டர் அழுக்கு எடுத்துவிட்டுச் சொட்டு மருந்து தந்தார். இன்னொருவரைச் சனல் பண்ணிக் காட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "நரம்புத் தளர்ச்சி, இதற்கு மருந்தில்லை, பழகிக்கொள்ளுங்கள்" என்றார். மருந்தில்லை என்றவரே மூன்று மாதத்துக்குக் குளிசையும் எழுதினார். எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் காது கேட்காமல் இருந்தவர். எனக்கும் அப்படி ஆகிவிடுமா? உண்மையிலேயே ஒன்றும் செய்ய முடியாதா?

மார்ச் 9, மாலை

மருந்தில்லை என்பது பெரும்பாலும் சரி. செய்ய ஒன்றுமில்லை என்பது சரியில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி ஆட்களை வாசலுக்கு அனுப்பிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் டொக்டர் இல்லை. ஆமர் வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் பல வருடம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவன். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் காதிலும் இந்தச் சத்தம் இருக்கிறது, இதை எழுதும்போதும் கேட்கிறது. இதைப்பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்க வேண்டியவர்களிடம் கேட்டேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அக்கா, நீங்கள் எழுதியதில் ஒரு விஷயத்தைக் காணவில்லை. செவிப்புலன் பரிசோதனை செய்தார்களா? கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்களே, அந்த ஓடியோகிராம். அது இல்லாமல் "நரம்புத் தளர்ச்சி" என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தனை மாதம் போன பிறகும் அது எடுக்கப்படவில்லை என்றால் அடுத்த வேலை அதுதான்.

அம்மாவைப்பற்றிக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் காதைச் செவிடாக்காது. கேட்கும் சக்தி குறைந்தவர்களுக்கு இரைச்சல் வருவது அதிகம், ஆனால் இரைச்சலால் கேட்கும் சக்தி குறைவதில்லை. இன்றிரவு அந்தப் பயத்தையாவது இறக்கி வையுங்கள்.

மார்ச் 9, இரவு

மேலே எழுதியதற்கு ஓர் எல்லை போட வேண்டும். படிக்கிற எல்லாரும் நாலைந்து மாதக்காரர்கள் இல்லை. இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது.

திடீரென்று, ஒரு நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ, ஒரு காதின் கேட்கும் சக்தி விழுந்து அதோடு இரைச்சலும் தொடங்கினால் அது அவசரம். அன்றைக்கே அல்லது மறுநாளே காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போக வேண்டும். ஸ்டீரொய்ட் கொடுத்துப் பார்க்கிற வாய்ப்பு முதல் இரண்டு கிழமைக்குள்தான் நன்றாக இருக்கிறது, அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது.

என் மச்சானுக்கு இது நடந்தது. காலையில் எழும்பியபோது வலது காது அடைத்த மாதிரி இருந்தது. முதல் நாள் கல்கிசைக் கடலில் குளித்தவர், தண்ணீர் போய்விட்டது என்று நினைத்தார். பாமசியில் சொட்டு மருந்து வாங்கினார். அடைப்பு விடவில்லை, வேறு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அழுக்குத்தான், ஊற வேண்டும், பொறுங்கள் என்றார்கள். கடைசியில் ஒரு நிபுணரிடம் போனபோது மாதம் கடந்திருந்தது. காதுக்குள் அழுக்கே இல்லை. அந்தக் காது திரும்பவில்லை.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கு, நீர், நடுக்காது போன்ற அடைப்புச் சங்கதி. நல்ல காதில் பலமாகக் கேட்டால் உட்காது அடிவாங்கியிருக்கலாம், ஓட வேண்டும். வைத்தியர் நெற்றியில் இசைக்கவையை, அதாவது தட்டினால் ஒலிக்கும் கவைக்கம்பியை, வைத்துப் பார்ப்பதும் இதே அடிப்படைதான். முனகல் சோதனை நல்லபடி வந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஓடுவதற்கு ஒரு காரணமாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 10

பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருக்கிறார்கள், வேறு எது எதற்கு ஓட வேண்டும் என்று. ஒரே காதில் மட்டும் நிற்காமல் கேட்கும் இரைச்சல், இரண்டு காதின் ஓடியோகிராமுக்கும் இடையில் நல்ல வித்தியாசம், இவற்றுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். காது நரம்பின் மீது மெதுவாக வளரும் ஒரு கட்டி உண்டு. புற்றுநோய் அல்ல, அரிதானது, ஆனால் பார்த்து இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியது. உலகம் சுற்றுகிற மாதிரித் தலைச்சுற்றல் கூட வந்தால் சொல்ல வேண்டும். முகம் ஒரு பக்கம் இழுத்தால், பேச்சுக் குழறினால் நேராக அவசரப் பிரிவுதான். நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம் தனிக் கதை, அதைப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 13

"காதில் ஒன்றுமில்லை என்கிறார்கள், அப்படியானால் சத்தம் எங்கிருந்து வருகிறது?" என்று தெஹிவளைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இதைப் புரிந்துகொண்டதுதான் எனக்குப் பாதிச் சிகிச்சை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உட்காதில் சுருண்டிருக்கும் சிறு குழாய்க்குள், காது ஒன்றுக்கு ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. காற்றில் வரும் அதிர்வை நரம்புக்குப் புரிகிற மின்சைகையாக மாற்றுவது அவற்றின் வேலை. மெல்லிய கீச்சுக்குரலுக்கு ஒரு முனை, கனத்த சத்தத்துக்கு மறுமுனை என்று வரிசையாக இருக்கும். பறவைகளுக்கு இந்தக் கலங்கள் செத்தால் திரும்ப முளைக்கும். நமக்கு முளைக்காது. வயதாலோ சத்தத்தாலோ சில மருந்துகளாலோ ஓர் இடத்துக் கலங்கள் போய்விட்டால் அங்கிருந்து மூளைக்குப் போகும் சைகை குறைகிறது.

மூளை அதைச் சும்மா விடாது. வரவு குறைந்த இடத்தில் உணர்திறனைக் கூட்டுகிறது. மீடியம் வேவ் வானொலியில் நிலையம் தேய்ந்து போகும்போது நாம் சத்தத்தைத் திருகிக் கூட்டுவோமே, பாட்டோடு சேர்ந்து கரகரப்பும் மேலே வரும், அப்படி. நரம்பில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண நடமாட்டமே பெரிதாக்கப்பட்டு ஒரு சத்தமாக நமக்குத் தெரிகிறது. எல்லா இரைச்சலையும் இந்த விளக்கத்துக்குள் அடக்க முடியாது. ஆனால் கேட்கும் சக்தி எந்தச் சுருதியில் குறைந்திருக்கிறதோ, இரைச்சலும் அந்தச் சுருதிப் பக்கமே இருப்பது பலரிடம் காணப்படுகிறது. என் ஓடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒரு பள்ளம், அதாவது அங்கே கேட்கும் சக்தி இறங்கியிருக்கிறது. சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு வரும் வழக்கமான பள்ளம் அது. என் "கீ"யும் அங்கேதான் நிற்கிறது.

சத்தம் காதில் மட்டும் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி. கட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையில் காது நரம்பையே வெட்ட நேர்ந்தவர்களில் பலருக்கு அதற்குப் பிறகும் அந்தப் பக்கத்தில் இரைச்சல் தொடர்ந்திருக்கிறது. கம்பியை அறுத்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் அது எங்கே உண்டாகிறது என்று யோசியுங்கள்.

1953இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். காது நன்றாகக் கேட்கிற 80 பேரை, ஒருவர் ஒருவராகச் சத்தம் புகாத அறையில் சில நிமிடம் இருத்தி, என்ன கேட்டது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அமைதி போதுமான அளவு ஆழமாக இருந்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் ஏதாவது கேட்கும்.

கொழும்புக்காரர்களுக்கு இந்தப் பரிசோதனையை 2022 செய்து காட்டியது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. இரவில் ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, எதிர்வீட்டு டிவி நின்றது. அந்த இருட்டில்தான் பலர் முதல்முறையாகத் தங்கள் காதைக் கேட்டார்கள். எனக்கு அதற்கு முன்பே லேசாக இருந்திருக்க வேண்டும், அந்த இரவுகளில்தான் அது எனக்குத் தெரியவந்தது. வியர்வை, நுளம்பு, காஸ் இல்லாத கவலை, நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம், நடுவில் இந்தக் கீச்சு. மூளை அதை ஆபத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டது. அந்த முடிச்சைப்பற்றிப் பிறகு எழுத வேண்டும், பெரிய விஷயமே அதுதான்.

மார்ச் 14

தேத்தண்ணி, கோப்பியை நிறுத்தத் தேவையில்லை. இங்கிலாந்தில் காஃபீனை நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வில் இரைச்சல் குறையவில்லை, திடீரென்று விட்டதால் தலையிடியும் சோர்வும்தான் வந்தன. உப்பைக் குறைக்கச் சொல்வது மெனியர் நோய்க்காரர்களுக்கு, அதாவது தலைச்சுற்றல், காது அடைப்பு, ஏறி இறங்கும் கேட்கும் சக்தி எல்லாம் சேர்ந்து வருகிறவர்களுக்கு.

மார்ச் 17

குளிசை விஷயம். கொட்டாஞ்சேனை அக்கா பெயரை அனுப்பியிருந்தார். நான் நினைத்ததேதான், பீட்டாஹிஸ்டின். இந்த ஊரில் காதில் சத்தம் என்று சொன்னால் கை தானாக அதை எழுதுகிறது. மெனியர் நோயின் தலைச்சுற்றலுக்காகக் கொடுக்கப்படும் மருந்து அது. இரைச்சலுக்கு அது வெற்றுக் குளிசையைவிட மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2018இல் சொன்னது. இரைச்சலுக்கென்று மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானியாவில் வைத்தியர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதும் நைஸ் நிறுவனம் 2020இல் நேராகவே எழுதியது. ஜிங்கோ, மெலட்டோனின், துத்தநாகக் குளிசைகளை இரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர்களின் வழிகாட்டி 2014இலேயே சொல்லிவிட்டது.

அக்கா, இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது "எனக்குத் தலைச்சுற்றல் இல்லை, இது எதற்கு?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு, இரைச்சலை உண்டாக்கும் மருந்துகள். பெரிய அளவில் எடுக்கும் அஸ்பிரின், குயினின், ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின், இரத்தநாளத்தில் ஏற்றும் ஃபுரோசமைட். அஸ்பிரினால் வருவது நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும், ஊசிகளாலும் சிஸ்பிளாட்டினாலும் வருவது நிலைத்துவிடலாம். இதயத்துக்காக 75 மில்லிகிராம் அஸ்பிரின் எடுக்கிறவர்கள் பதறி நிறுத்த வேண்டாம், அந்த அளவு வேறு.

காதுக்குள் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடுவது வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேராக நடுக்காதுக்குள் போகும். திறப்பு, ஹெயார்பின், கொட்டன்பட் எதுவும் காதுக்குள் போகக் கூடாது. கொட்டன்பட் அழுக்கை எடுப்பதில்லை, உள்ளே தள்ளி இடிக்கிறது. அழுக்கு இறுகினாலே இரைச்சல் வரும், அதை எடுத்ததும் சிலருக்கு நின்றும்விடும். அதிர்ஷ்டசாலிகள்.

மார்ச் 23

இன்று நீளமாக எழுத நேரமில்லை, ஆனால் ஒரு பின்னூட்டத்தைப் படித்துவிட்டுத் தூங்கப் போக முடியவில்லை. "இப்படி இருப்பதைவிட இல்லாமல் போகலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

தம்பி, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. இப்போதே அழையுங்கள். வீட்டில் யாரையாவது எழுப்பி இந்த வரியைக் காட்டுங்கள். உங்களுக்கு வந்திருப்பது தொடங்கிய புதிதில் வரும் மோசமான கட்டம். இந்தக் கட்டத்தைத் தாண்டிய ஆட்கள் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தூக்கமில்லாத மூளைக்கு எல்லாம் முடிந்துபோன மாதிரித்தான் தெரியும். மனச்சோர்வும் தூக்கமின்மையும் தனியாகச் சிகிச்சை உள்ள நோய்கள். இரைச்சல் இருக்கும்போதே அவற்றைக் குணப்படுத்தலாம். நாளைக்கு இங்கே ஒரு சொல்லாவது எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

மார்ச் 24

தம்பி எழுதிவிட்டார். அவருடைய அக்காவோடு வைத்தியரிடம் போகிறார். மற்றவர்கள் அவரிடம் மேலும் கேள்வி கேட்க வேண்டாம்.

மார்ச் 31

காது மெஷின்.

நான் நீண்ட நாள் தள்ளிப்போட்டேன். எனக்குக் கேட்கும் சக்தி குறைவு என்றே நான் நம்பவில்லை. பஸ் கேட்கிறது, கோவில் மணி கேட்கிறது, பிறகென்ன? குறைந்திருந்தது மேல் சுருதி மட்டும்தான். ச, ஸ, க, த இவற்றின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. மனைவி பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. பேத்தி தொலைபேசியில் பேசினால் பாதி போய்விடும்.

ஓடியோகிராம் எடுத்த பிள்ளை களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் படித்து வந்தவர். அங்கே பேச்சு, செவிப்புலன் துறைக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அவர் அந்தக் கோட்டுப் படத்தை என் பக்கம் திருப்பி வைத்து, எந்த எழுத்து எந்த இடத்தில் விழுகிறது என்று விரலால் காட்டினார். அத்தனை டொக்டர்களைப் பார்த்த பிறகு முதன்முதலாக ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னது அன்றுதான். அதற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

மெஷின் போட்டதும் இரைச்சல் நிற்கவில்லை. ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வர வர அது பின்னுக்குப் போனது. முதல் நாள் செருப்புச் சத்தம், பேப்பர் மடிக்கும் சத்தம், கடுகு வெடிக்கும் சத்தம் எல்லாம் பெரிதாகக் கேட்டுத் தொந்தரவாக இருந்தது. சில கிழமையில் சரியாகிவிட்டது. கேட்கும் சக்தி குறைந்தவர்களுக்கு இரைச்சலோடு வாழ உதவும் வழிகளில் மெஷினை வழிகாட்டிகள் முன்னால் வைக்கின்றன. விலை கை சுடும், உண்மை. வாங்குவதற்கு முன் சில நாள் போட்டுப் பார்க்கத் தருகிறவர்களிடம் மட்டும் போங்கள். பரிசோதனை இலவசம் என்று கூப்பிட்டு, மெஷின் விற்காமல் விடாத இடங்களும் இருக்கின்றன. அங்கே எடுத்த படத்தை வேறோர் இடத்திலும் காட்டி ஒத்துப்பாருங்கள். அரசாங்க வைத்தியசாலைக் காதுக் கிளினிக்கில் வரிசை நீளம், ஆனால் அங்கே யாரும் உங்களுக்கு எதையும் விற்கப் போவதில்லை.

முழுதாகக் காது கேளாதவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் கொக்லியர் இம்ப்ளான்ட் கருவியில் பலருக்கு இரைச்சலும் தணிவதாகக் கண்டிருக்கிறார்கள். அது வேறு நிலைமை, இங்கே நீட்டவில்லை.

ஏப்ரல் 2

ஓடியோகிராம் சரியாக இருக்கிறது, ஆனாலும் இரைச்சல் என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பொய் சொல்கிறீர்கள் என்று யாரும் நினைத்தால் அது அவர்களுடைய அறியாமை. 2009இல் எலிகளிடம் செய்த ஆய்வு ஒன்றில், பலத்த சத்தம் கேட்டபின் கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது, மயிர்க்கலங்களும் தப்பியிருந்தன, ஆனால் அவற்றுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் பல அறுந்தே போயிருந்தன. சாதாரண ஓடியோகிராம் அதைப் பிடிக்காது. மனிதரில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

ஏப்ரல் 15

வருடப்பிறப்புக்கு வெடி கொளுத்திய பிறகு காது "ஙொய்" என்கிறதாம், வத்தளையிலிருந்து ஒருவர். இன்னும் இருக்கிறதா? இரண்டு நாளில் அடங்கினாலும் அது காது கொடுத்த எச்சரிக்கை. கேட்கும் சக்தியும் இறங்கியிருந்தால் மார்ச் 9 இரவுக் குறிப்பைப் பார்த்துவிட்டு இன்றே போங்கள்.

வேலைத்தலக் கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100க்கு வெறும் 15 நிமிடம். கருவி இல்லாதவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே 85 தாண்டியிருக்கும். எங்கள் அச்சகத்தில் நாங்கள் கத்தித்தான் பேசினோம். யாரும் எங்களுக்குக் காதடைப்பான் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தெரியாது. இன்றைக்கு கிரைண்டரோடும் ஜெனரேட்டரோடும் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு சின்ன நுரைத்துண்டு போதும், காப்பாற்றிவிடலாம்.

ஏப்ரல் 28

காதடைப்பான்பற்றி மேலும் கொஞ்சம் யோசித்தேன். மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு இருக்கிறாராம். ஐயா, கழற்றுங்கள். வெடி, டிரில், பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கிய திருவிழா, இவற்றுக்குத்தான் அது. சாதாரண வீட்டுச் சத்தத்தையும் அடைத்தால் மூளை இன்னும் காதைத் தீட்டும், இரைச்சலும் ஏறும், பிறகு பாத்திரச் சத்தமே வலிக்கிற நிலைக்கு வந்துவிடும்.

மே 5

அந்த முடிச்சு.

ஓடியோகிராமுக்குப் பிறகு அந்தப் பிள்ளை என் இரைச்சலின் பலத்தை அளந்து பார்த்தார். ஹெட்போனில் ஒரு சத்தம் தந்து, உங்கள் சத்தத்துக்குச் சமமாக வரும்போது சொல்லுங்கள் என்றார். நான் பயங்கரமான எண் ஒன்றை எதிர்பார்த்தேன். எனக்கு அந்தச் சுருதியில் கேட்கத் தொடங்கும் எல்லையைவிடச் சில டெசிபெல்தான் மேலே. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் வருமாம். என் தூக்கத்தைத் தின்றது அவ்வளவு மெல்லிய சத்தம். ஒரே அளவு இரைச்சல் உள்ள இருவரில் ஒருவர் அதை மறந்து வேலைக்குப் போகிறார், மற்றவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார். துன்பத்தின் அளவைச் சத்தத்தின் அளவு தீர்மானிப்பதில்லை.

உலகத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்கு இரைச்சல் இருக்கிறது என்றும், கடுமையாக அவதிப்படுவோர் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் என்றும் 2022இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு கணக்கிட்டது. இந்த இரு கூட்டத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைத்தான் 1990இல் ஜாஸ்ட்ரபோஃப் என்ற ஆய்வாளர் விளக்க முயன்றார். புதிய சத்தத்தை மூளை ஆபத்தா இல்லையா என்று பார்க்கிறது. ஆபத்தில்லை என்றால் விட்டுவிடும். ஆபத்து என்று ஒருமுறை குறித்துவிட்டால் பயத்தையும் விழிப்பையும் எழுப்புகிறது, அந்த விழிப்பு சத்தத்தை இன்னும் தேட வைக்கிறது, தேடத் தேடப் பயம் கூடுகிறது. என் விஷயத்தில் 2022இன் இருட்டு அதைக் குறித்தது. உங்களில் பலருக்கு, "மருந்தே இல்லை" என்று ஒரு வெள்ளைக் கோட்டு சொன்ன அந்த நிமிடம் குறித்திருக்கும்.

இதை அவிழ்ப்பதற்கு இருப்பவற்றில் ஆதாரம் கூடியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 2020இல் கொக்ரேன் 28 ஆய்வுகளை, 2733 பேரின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. இரைச்சல் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவைச் சிகிச்சை குறைத்தது. சத்தத்தை நிறுத்துவதாக அது வாக்குத் தருவதில்லை, சத்தத்தோடு வரும் பயம், கோபம், தூக்கமின்மை இவற்றில்தான் அது வேலை செய்கிறது. "மனநோய் டொக்டரிடம் அனுப்புகிறார்கள், என்னைப் பைத்தியம் என்கிறார்கள்" என்று ஒரு அக்கா அழுதிருக்கிறார். இல்லை அக்கா. சத்தம் மெய்தான். அதற்கு மூளை காட்டும் பதிலை மாற்றப் பழக்குகிறார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பழக்கிய உளவளத்துணையாளர் முதலில் கேட்டது: "ஒரு நாளைக்கு எத்தனை முறை இருக்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்ப்பீர்கள்?" எண்ணவே முடியாது. எழும்பியதும் அதுதான் முதல் வேலை. அதை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. பார்க்கத் தோன்றும்போது கையில் ஒரு வேலையை எடுக்கச் சொன்னார், முதல் எண்ணம் என்ன வருகிறது என்று எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் "இனி ஒருநாளும் அமைதி இல்லை" என்ற ஒரே வாக்கியம். அதைப் பேசிப் பேசித்தான் கரைத்தோம். தூக்கம் வராமல் படுக்கையில் போராடாமல் எழும்பி வேறு அறைக்குப் போவது, தினமும் ஒரே நேரத்துக்கு எழும்புவது, இவையும் அதில் சேர்த்தி. ஒரு கிழமையில் நடந்ததல்ல. நல்ல நாள் வந்து கெட்ட நாள் வந்து, பிறகு கெட்ட நாள்கள் தூரம் தூரமாகப் போயின.

மே 6

ஃபேன் சத்தம், மழைச்சத்தம், கடல் சத்தம் பற்றி. நான் இரவில் ஃபேன் போட்டுத்தான் படுக்கிறேன். சத்தச் சிகிச்சை மட்டும் தனியாகப் பெரிய பலன் தரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தீங்கில்லை, செலவில்லை, எனக்கு உதவுகிறது. இரைச்சலை முழுதாக மூழ்கடிக்கும்படி வைக்காமல், அதுவும் லேசாகக் கேட்கும் அளவில் வையுங்கள். மூழ்கடித்தால் மூளைக்கு அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழக வாய்ப்பே கிடைக்காது என்று ஜாஸ்ட்ரபோஃப் வழியினர் சொல்கிறார்கள். இயர்போனை உரக்க வைத்துக் காதுக்குள் அடிப்பது வேண்டவே வேண்டாம்.

மே 19

நாடியோடு அடிக்கும் சத்தம். "டக் டக் என்று இதயம் காதுக்குள் அடிக்கிறது" என்று எழுதிய பம்பலப்பிட்டித் தங்கச்சிக்கு இது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு பாருங்கள், இரண்டும் ஒன்றாக விழுந்தால் இது வேறு வகை. இரத்தம் ஓடும் சத்தமே கேட்கிறது. இரத்தச்சோகை, தைரொயிட் கூடியது, கழுத்து இரத்தக்குழாய் ஒடுங்கியது, தலைக்குள் இரத்தக்குழாய்கள் தவறாக இணைந்தது என்று காரணம் பல. இந்த வகையில் பலருக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம், சரிசெய்யவும் முடியும். அதனால் "பழகிக்கொள்ளுங்கள்" என்ற பதிலை இங்கே ஏற்கவே கூடாது.

உடல் எடை கூடிய இளம் பெண்களுக்கு, தலையிடியும் பார்வை மங்கலும் சேர்ந்து இந்தச் சத்தம் வந்தால் தலைக்குள் நீரழுத்தம் கூடியிருக்கலாம். கண் வைத்தியர் விழியின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். விட்டால் பார்வையைப் பறிக்கக்கூடியது. தங்கச்சி, தலையிடி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நாளைக்கே.

மே 27

தங்கச்சிக்கு இரத்தச்சோகை. ஹீமோகுளோபின் மிகவும் குறைவாம். கண் சோதனையும் செய்தார்கள், சுத்தம். இரும்புச்சத்துத் தொடங்கியிருக்கிறார்கள். நிம்மதி.

ஜூன் 16

முகநூலில் "7 நாளில் காதிரைச்சல் ஒழிப்பு" என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வாங்காதீர்கள். மெய்யான புதிய கருவி ஒன்று உண்டு, லெனைர் என்று பெயர். ஹெட்போனில் சத்தம், அதோடு நாக்கின் மேல் லேசான மின்தூண்டல். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. அதுகூட ஒழிப்பதாகச் சொல்லவில்லை, பல கிழமை தினமும் பயன்படுத்திய பிறகு அவதி குறைகிறதா என்றுதான் அளந்தார்கள். தலையில் காந்தத் தூண்டல் கொடுப்பதை வழக்கமான சிகிச்சையாக வைக்க வேண்டாம் என்பது நான் முன்பு சொன்ன அமெரிக்க வைத்தியர்களின் 2014 வழிகாட்டியின் நிலை. நகையை அடகுவைத்து வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் போகலாமா என்று கேட்ட அண்ணைக்கு என் பதில்: முதலில் ஓடியோகிராம், பிறகு மெஷின் போட்டுப் பார்ப்பது, பிறகு உளவளத்துணை. மூன்றையும் செய்யாமல் நகையைத் தொடாதீர்கள்.

ஆகஸ்ட் 4

ஆடிவேல் திருவிழா முடிந்ததும் நாதஸ்வரம் வாசிக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். தவில்காரருக்குப் பக்கத்தில் நின்று நின்று இடது காதில் சத்தமாம், தொழிலை விட முடியாதாம். விட வேண்டாம். இசைக்கலைஞர்களுக்கென்று எல்லாச் சுருதியையும் ஒரே சீராகக் குறைக்கும் காதடைப்பான் இருக்கிறது, சுருதி கெடாது. காதின் அச்செடுத்துச் செய்தால் இன்னும் நல்லது. தவில் பக்கக் காதுக்கு அதைப் போடுங்கள், வருடம் ஒருமுறை ஓடியோகிராம் எடுங்கள். இடது பக்கம் மட்டும் என்பதால் ஒருமுறை நிபுணரிடம் காட்டியும் விடுங்கள்.

ஆகஸ்ட் 11

கொட்டாஞ்சேனை அக்கா திரும்ப எழுதியிருக்கிறார். ஓடியோகிராம் எடுத்தாயிற்று. இரண்டு காதிலும் மேல் சுருதியில் லேசான இறக்கம், இரண்டும் சமம். எம்.ஆர்.ஐ. தேவையில்லை என்றார்களாம். குளிசையை எழுதியவரிடமே கேட்டு நிறுத்திவிட்டார். இரவில் ஃபேனோடு தூங்குகிறார், கிழமைக்கு ஓரிரு இரவு இன்னும் கஷ்டம். இப்போதைக்கு மெஷின் வேண்டாம், ஆறு மாதத்தில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லது.

இன்னொன்றையும் எழுதியிருக்கிறார், வாயை இறுக்கினால், தாடையை முன்னுக்குத் தள்ளினால் சத்தம் ஏறுகிறது என்று. அக்கா, இது பலருக்கு உண்டு. தாடை, கழுத்துத் தசைகளிலிருந்து போகும் நரம்புச் சைகைகள் மூளைத்தண்டில் கேட்கும் பாதையோடு சந்திக்கின்றன, அதனால் அங்கே இறுக்கம் வந்தால் இங்கே சத்தம் மாறும். காலையில் எழும்பும்போது தாடை வலிக்கிறதா, இரவில் பல்லைக் கடிப்பதாக வீட்டில் யாராவது சொல்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், இரவில் போட ஒரு தகடு செய்து தருவார்கள். கழுத்துக்குப் பிசியோதெரபியும் கேட்டுப் பாருங்கள். போகும்போது ஓடியோகிராம் தாளையும் கையில் கொண்டு போங்கள்.